வளையலை எடுத்தது யார் என்று கேட்கும் மாமியாருக்கு என்ன சொல்வது?

திருச்சியில் வசிக்கும் ஒரு பெண்மணி எழுதியிருக்கிறார். 76 வயதான மாமியாருக்கு அல்சைமர் நோய் என்று நரம்பியல் மருத்துவர் உறுதிசெய்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. தொடர்ந்து மாத்திரை கொடுத்தும் குணம் தெரியவில்லை. சாயங்காலமானால் "வீட்டுக்குப் போகணும்" என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். ஆறு ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன கணவரைத் தேடுகிறார். உண்மையைச் சொன்னால், அன்றுதான் செய்தி கேட்டவர்போல் கதறுகிறார். குளிக்க மறுக்கிறார். வெளிநாட்டில் இருக்கும் கொழுந்தனார் போனில் ஐந்து நிமிடம் பேசிவிட்டு, "அம்மா நல்லாத்தானே பேசறாங்க" என்கிறார். இவ்வளவுக்கும் நடுவில், தன் தங்க வளையலை மருமகள் திருடிவிட்டாள் என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார். இவற்றையெல்லாம் எப்படிச் சமாளிப்பது, முதியோர் இல்லத்தில் சேர்த்தால் அது பாவமா என்பது அவருடைய கேள்வி.

திருட்டுப் பழியிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் அதைக் கடைசியில் ஒரே வரியாக எழுதியிருந்தாலும், உங்களை அதிகம் புண்படுத்தியிருப்பது அதுதான் என்று தெரிகிறது. அல்சைமர் நோயில் மூளைச் செல்களுக்கு வெளியே அமைலாய்டு என்ற புரதமும் செல்களுக்கு உள்ளே டௌ என்ற புரதமும் படிந்து, பகுதி பகுதியாகச் செல்கள் அழிகின்றன. பெரும்பாலோருக்கு இந்த அழிவு ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியிலும் அதைச் சுற்றியும்தான் தொடங்குகிறது. இன்று நடப்பதை இன்றே பதிய வைப்பது அந்தப் பகுதியின் வேலை. உங்கள் மாமியார் வளையலைப் பத்திரப்படுத்த வேண்டும் என்ற நினைப்பில் எங்கோ ஒளித்து வைக்கிறார். வைத்தது அவர் மூளையில் பதிவாகவே இல்லை. பிறகு தேடும்போது வளையல் இல்லை, தான் எடுத்த நினைவும் இல்லை. அப்படியானால் வேறு யாரோதான் எடுத்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வருகிறார். தன்னிடம் இருக்கும் தகவலை வைத்துப் பார்த்தால் அது நியாயமான முடிவே. அந்த "யாரோ" என்ற இடத்தில், பகல் முழுவதும் கூடவே இருப்பவர் நீங்கள் என்பதால் உங்கள் முகம் வந்து நிற்கிறது. மனத்துக்குள் இத்தனை காலம் உங்களைப் பற்றி இப்படித்தான் நினைத்திருந்தார், இப்போது அது வெளியே வருகிறது என்று எண்ணிவிடாதீர்கள். பழி கேட்பவர் பெரும்பாலும் மிகுதியாகப் பணிவிடை செய்பவராகவே இருப்பதை இந்த நோயைப் பார்த்துப் பழகிய எவரும் சொல்வார்கள்.

இந்த நோய் முதன்முதலில் பதிவானபோதே இந்த அடையாளமும் பதிவாகியிருக்கிறது. ஜெர்மனியில் பிராங்பர்ட் நகரத்து மனநல மருத்துவமனையில் 1901இல் ஆகஸ்ட் டீட்டர் என்ற 51 வயதுப் பெண்ணை மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் பரிசோதித்தார். அந்த அம்மாளிடம் குடும்பத்தார் முதலில் கவனித்த மாற்றம், கணவர்மேல் எழுந்த காரணமற்ற சந்தேகம். அதைத் தொடர்ந்து வீட்டுப் பொருள்களை இங்குமங்கும் தூக்கிப் போவதும் ஒளித்து வைப்பதும் தொடங்கியது. 1906இல் அவர் இறந்த பிறகு மூளையை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் அல்சைமர் தன் கண்டுபிடிப்பை அறிவித்தார். ஒரு நூற்றாண்டுக்கு முன் பிராங்பர்ட்டில் அந்தக் கணவர் கேட்டதைப் போன்ற பழியைத்தான் இன்று திருச்சியில் நீங்கள் கேட்கிறீர்கள்.

"நான் எடுக்கவில்லை" என்று வாதாடுவதால் பலன் இல்லை. வாதாடும்போது உங்கள் குரல் உயரும். அவருக்கு அந்த உயர்ந்த குரல் மட்டுமே மனத்தில் தங்கும். "வளையலைக் காணோமா அத்தை? அச்சச்சோ, வாங்க, ரெண்டு பேருமா தேடலாம்" என்று அவர் பக்கம் போய் நில்லுங்கள். தலையணை உறை, பூஜை அலமாரியில் சாமி படத்தின் பின்புறம், மடித்த புடவைக்குள், அரிசி டப்பா என்று ஒவ்வொருவருக்கும் வழக்கமான சில மறைவிடங்கள் இருக்கும். பத்து நாள் கவனித்தால் உங்களுக்கே பிடிபட்டுவிடும். கிடைத்ததும் "பார்த்தீங்களா, நீங்களேதான் வெச்சிருக்கீங்க" என்று நிரூபிக்காமல், "நல்லவேளை, கிடைச்சிடுச்சு" என்று கையில் போட்டு விடுங்கள். இன்னும் நல்லது, தங்கத்தை வங்கி லாக்கரில் வைத்துவிட்டு, அதே மாதிரியான கவரிங் வளையல்கள் இரண்டு மூன்று ஜோடி வாங்கி வைப்பது. லாக்கருக்குப் போகும் முன் ஒவ்வொரு நகையையும் புகைப்படம் எடுத்து, எடையோடு பட்டியல் எழுதி, உங்கள் கணவரும் கொழுந்தனாரும் கையெழுத்திட்ட நகலை ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு உறவினர் யாராவது மாமியாரின் வார்த்தையை உண்மை என்று எடுத்துக்கொண்டால் உங்களைக் காப்பாற்றுவது அந்தத் தாள்தான்.

பக்கத்து வீட்டாரிடம் நோயின் பெயரைச் சொல்லிவிடுங்கள். வெளியே தெரிந்தால் கௌரவக் குறைவு என்று பல குடும்பங்கள் மறைக்கின்றன. ஆனால் 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், டிமென்ஷியா எனப்படும் மறதி நோய்களில் ஏதேனும் ஒரு வகையுடன் வாழ்கிறார்கள். அதில் பெரும்பங்கு அல்சைமர். உங்கள் தெருவிலேயே இன்னொரு வீட்டில் இதே துன்பம் இருக்கக்கூடும்.

அடுத்தது, இறந்துபோன மாமனாரைத் தேடுவது. உண்மையைச் சொல்வதே முறை என்று நீங்கள் நினைத்ததைக் குறை சொல்ல மாட்டேன். பெரியவர்களிடம் பொய் பேசக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். ஆனால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கணவர் இறந்த செய்தியை அவர் ஒவ்வொரு முறையும் முதன்முறையாகக் கேட்கிறார். அரைமணி நேரத்தில் செய்தி மறந்துவிடுகிறது, துக்கம் மறப்பதில்லை. அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் 2014இல் ஒரு ஆய்வு வெளியானது. அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான படக்காட்சிகளையும் மகிழ்ச்சியான காட்சிகளையும் காட்டினார்கள். சற்று நேரத்தில் பார்த்தது என்ன என்பதே பலருக்கு நினைவில்லை. ஆனால் காட்சி எழுப்பிய சோகமும் மகிழ்ச்சியும் அவர்களுக்குள் தொடர்ந்து இருந்தன. நீங்கள் ஒரு நாளில் செய்யும் ஒவ்வொன்றுக்கும் இதைப் பொருத்திப் பார்க்கலாம். மாலையில் அவர் காரணமே இல்லாமல் அழுதுகொண்டிருந்தால், முன்பு நடந்த ஏதோ ஒன்று மறந்தபின்னும் மிச்சமிருக்கக்கூடும். அதேபோல் நீங்கள் தலைவாரிப் பூ வைத்துவிட்டதை அவர் மறந்த பிறகும் அந்த நேரத்து நிம்மதி அவரிடம் இருக்கும். மறந்துவிடப் போகிறவருக்கு எதற்கு இவ்வளவு என்று ஒருபோதும் நினைக்காதீர்கள்.

ஆகையால் "அவர் எங்கே?" என்று கேட்டால், கேள்விக்குள் இருக்கும் ஏக்கத்துக்குப் பதில் சொல்லுங்கள். "மாமா ஞாபகம் வந்துடுச்சா அத்தை? மாமாவுக்கு நீங்க வெக்கிற வத்தக்குழம்புன்னா உயிராச்சே" என்று தொடங்கினால், பெரும்பாலும் அவர் பழைய கதைக்குள் போய்விடுவார். நெடுநாளைய நினைவுகள் கடைசியாகத்தான் அழிகின்றன என்பதால் அந்தப் பேச்சில் அவர் தடுமாற மாட்டார். நீங்களாகப் பொய் எதையும் கட்ட வேண்டியதில்லை. ஒருவேளை, தெளிவாக உங்கள் முகத்தைப் பார்த்து "அவர் செத்துட்டாரா?" என்றே கேட்டால், கையைப் பிடித்துக்கொண்டு "ஆமாம் அத்தை" என்று மெதுவாகச் சொல்லுங்கள். அந்தக் கேள்விக்கு மறுப்புச் சொல்வது அவருடைய அறிவை அவமதிப்பதாகும். இதை எல்லா நோயாளிகளுக்கும் விதியாக்கவும் மாட்டேன்: நோயின் தொடக்கத்தில், தனக்கு என்ன நேர்கிறது என்று புரிந்துகொள்ளக் கூடியவர்களிடம் எதையும் மறைக்கக் கூடாது.

சாயங்காலப் புறப்பாடு இந்த நோயில் மிகவும் பொதுவானது. உறக்கத்தையும் விழிப்பையும் ஒழுங்குபடுத்தும் உடல் கடிகாரம் பழுதடைவது, பகல் முழுவதும் புரியாத உலகத்தோடு போராடிய களைப்பு, மங்கலான வெளிச்சத்தில் நிழல்கள் ஆள்களாகத் தெரிவது எல்லாம் அந்த நேரத்தில் ஒன்றுகூடுகின்றன. "இதுதானே நம்ம வீடு" என்று நீங்கள் சொல்வதை அவரால் ஏற்க முடியாது. தனக்குப் பாதுகாப்பாக இருந்த ஏதோ ஒரு காலத்துக்குப் போகவேண்டும் என்பதே அவர் கேட்பது. இருட்டுவதற்கு அரைமணி முன்பே எல்லா விளக்குகளையும் போடுங்கள். நிலைக்கண்ணாடி அவரைப் பயமுறுத்துகிறது என்றால் துணி போட்டு மூடுங்கள். நான்கு மணிக்குச் சிற்றுண்டி கொடுத்து, ஐந்து மணி வாக்கில் அவர் கைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். கீரை ஆய்வது, பூத்தொடுப்பது, துணி மடிப்பது போன்ற, கை பழகிய வேலையாக இருக்க வேண்டும். தொடுத்த சரம் கோணலாக இருந்தால் அதே சரத்தைச் சாமி படத்துக்குச் சாத்துங்கள். அதற்கும் மீறிக் கிளம்பினால் தடுக்காமல், செருப்பைப் போட்டுக்கொண்டு நீங்களும் கூடப் போய்த் தெருவை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். பெரும்பாலான நாள்களில் அந்தச் சுற்று முடிவதற்குள் அவர் களைத்து, நீங்கள் அழைத்துவரும் வாசலுக்குள் தாமாகவே நுழைந்துவிடுவார்.

வாசற்கதவுக்குக் கண் மட்டத்துக்கு மேலே இன்னொரு தாழ்ப்பாள் போடலாம். ஆனால் அவரைத் தனியாக உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவது தீ விபத்துக் காலத்தில் உயிரையே பறித்துவிடும். அதைச் செய்யவே கூடாது. உங்கள் கைப்பேசி எண்ணை ரவிக்கையின் உட்புறம் தைத்து வையுங்கள். தெருமுனை ஆட்டோ நிறுத்தத்திலும் பூக்காரரிடமும் அவர் முகத்தை அறிமுகம் செய்யுங்கள். காணாமல் போனால் ஒரு நாள் காத்திருந்துதான் புகார் கொடுக்கவேண்டும் என்ற பேச்சை நம்ப வேண்டாம். உடனே காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

இதற்கிடையில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அல்சைமர் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல முற்றும் நோய். நேற்றுவரை ஓரளவு இருந்தவர் இன்று திடீரென்று உளறுகிறார், இல்லாத ஆள்களைப் பார்க்கிறார், அல்லது எழுப்ப முடியாமல் தூங்குகிறார் என்றால், நோய் முற்றிவிட்டது என்று விட்டுவிடக் கூடாது. சிறுநீர்த் தொற்று, உடலில் நீர் வற்றியது, சோடியம் குறைந்தது, பல நாள் மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை, விழுந்ததில் மண்டைக்குள் ஏற்பட்ட இரத்தக் கசிவு ஆகியவற்றில் ஏதோ ஒன்று பின்னால் இருக்கக்கூடும். இவை சரிசெய்யக் கூடியவை, ஆனால் அன்றைக்கே மருத்துவரிடம் போகவேண்டியவை. சளிக்கும் அரிப்புக்கும் கடையில் கேட்டு வாங்கும் சில சாதாரண மாத்திரைகள்கூட இவர்களுக்கு மனக்குழப்பத்தைத் தரும் என்பதால், மருத்துவரைக் கேட்காமல் எதையும் கொடுக்காதீர்கள். நோயை உறுதிசெய்த காலத்தில் தைராய்டு, பி12 பரிசோதனைகளும் மூளை ஸ்கேனும் எடுக்கப்பட்டனவா என்று பழைய கோப்பைப் புரட்டிப் பாருங்கள்; இல்லையென்றால் கேளுங்கள். மனச்சோர்வும் மறதியைப்போலவே தோற்றம் தரும்.

மாத்திரைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், கேலன்டமின், மெமன்டின் ஆகிய நான்கும் அறிகுறிகளைச் சில காலம் சற்றுத் தணிப்பவை. செல்கள் அழிவதை நிறுத்துபவை அல்ல. குணம் தெரியவில்லை என்று நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். நிறுத்தியபின் சிலருக்குச் சட்டென்று சரிவு ஏற்படுவதுண்டு. பசியின்மை, வயிற்றுப்போக்கு, நாடித்துடிப்புக் குறைவு இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அமெரிக்காவில் 2023இல் லெக்கனெமாப், 2024இல் டொனனெமாப் என்ற ஊசி மருந்துகள் ஒப்புதல் பெற்றன; அவை நோயின் தொடக்க நிலையில் உள்ளவர்களுக்கானவை, சரிவின் வேகத்தைச் சிறிதளவே குறைப்பவை, மூளையில் வீக்கமும் இரத்தக் கசிவும் ஏற்படுத்தக் கூடியவை. அதைவிட முக்கியமானது, ஆத்திரத்தையும் கூச்சலையும் அடக்கத் தரப்படும் மனநோய் மருந்துகள். டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு இவற்றால் மரண அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005லேயே எச்சரித்தது. தவிர்க்கவே முடியாதபோது, குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கு, எப்போது நிறுத்துவது என்பதையும் கேட்டுக்கொண்டு கொடுக்கலாம். பூரண குணம் என்று விளம்பரம் செய்யும் எந்த முறைக்கும் பணத்தைக் கொட்டாதீர்கள்.

குளியலுக்கு வருகிறேன். வேறொருவர் கையால் ஆடை களையப்படுவது என்ன என்று அவர் நிலையில் இருந்து நினைத்துப் பாருங்கள். ஏன் இங்கே அழைத்து வந்தார்கள் என்று தெரியவில்லை, தரை ஈரம், தலைக்கு மேலிருந்து ஷவர் தண்ணீர் திடீரென்று கொட்டுகிறது, புடவையை யாரோ உருவுகிறார்கள். அவர் அடித்தால் அது பயத்தினால் அடிப்பது. ஷவரை விட்டுவிட்டு, வாளியும் சொம்பும் எடுங்கள். அவர் கை அறிந்தது அதுதான். வெந்நீர் விளாவி முதலில் அவர் கையையே தண்ணீரில் வைத்து, "சூடு சரியா இருக்கா அத்தை?" என்று கேளுங்கள். முதுகு உயரமுள்ள பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, மார்புக்குக் குறுக்கே பெரிய துண்டைக் கட்டி, பாதத்திலிருந்து தொடங்கி மெல்ல மேலே வாருங்கள். தலைக்கு ஊற்றுவது கடைசியில், அதுவும் வாரம் ஒரு முறை போதும். சொம்பை அவர் கையிலேயே கொடுத்தால் பல நாள்கள் தாமே மொண்டு ஊற்றிக்கொள்வார். ஒரே நேரத்தில் ஒரே சொல். "கையை நீட்டுங்க" என்றால் அவர் நீட்டும்வரை அடுத்ததைச் சொல்லக் கூடாது. மறுத்தால் விட்டுவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வேறு பேச்சோடு வாருங்கள். தினமும் குளித்தே ஆகவேண்டும் என்பது உங்கள் வீட்டு வழக்கமாக இருக்கலாம். இடையிடையே ஈரத்துணியால் துடைத்துவிட்டால் அவர் உடம்புக்கு ஒன்றும் ஆகிவிடாது.

போனில் நன்றாகப் பேசுவது உண்மையே. கொழுந்தனார் பொய் சொல்லவில்லை. "சாப்பிட்டியாப்பா, பிள்ளைங்க படிக்கிறாங்களா, உடம்பைப் பார்த்துக்கோ" என்ற பேச்சு ஐம்பது ஆண்டுப் பழக்கத்தில் நாவில் ஊறியது. புதிதாக எதையும் நினைவில் வைக்கத் தேவையில்லாத அந்த ஐந்து நிமிடத்தை நோயின் நடுக்கட்டத்தில் உள்ளவர்கள்கூடக் கடந்துவிடுவார்கள். விளக்கம் சொல்லி அவரை நம்ப வைக்க முயலாதீர்கள். அடுத்த விடுமுறையில் வந்து, பத்து நாள் அம்மாவோடு அவர் தனியாக இருக்கட்டும். நீங்கள் இருவரும் வெளியூர் போய் வாருங்கள். வரமுடியாது என்றால், மாலை ஆறு மணிக்கு வீடியோ அழைப்பைத் திறந்து மேசைமேல் வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். ஒரு மணி நேரம் அவர் பார்க்கட்டும்.

உங்கள் கணவருக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. வளரும் நாடுகளில் டிமென்ஷியாவை ஆராய்ந்த 10/66 என்ற ஆய்வுக் குழு சென்னையிலும் பணிசெய்தது. உலகின் டிமென்ஷியா நோயாளிகளில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ்ந்தும், ஆய்வுகளில் 10 விழுக்காடுகூட அங்கே நடக்கவில்லை என்பதே அந்தப் பெயருக்குக் காரணம். கூட்டுக் குடும்பம் இருப்பதால் சுமை தானாகப் பகிரப்பட்டுவிடும் என்ற நம்பிக்கைக்கு அந்தக் குழுவின் ஆய்வுகள் ஆதரவு தரவில்லை. பராமரிப்பவர் பெரும்பாலும் ஒரு பெண், அவருடைய மனச்சுமை பணக்கார நாடுகளில் உள்ளவர்களுக்குக் குறைந்ததல்ல. பெற்ற தாய்க்கு மகன் செய்ய வேண்டியதை மருமகள் செய்கிறாள் என்ற உணர்வுகூட இல்லாமல் நம் வீடுகளில் இது நடந்துவிடுகிறது. எனவே நல்ல மனத்தை நம்பி விடாமல், எழுதி வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். வாரத்தில் எத்தனை இரவுகள் மகன் அம்மாவின் அறையில் படுப்பார், எந்த ஞாயிறு முழுவதும் உங்களுக்கு விடுமுறை, ஆயாவின் சம்பளத்தை மாதாமாதம் யார் அனுப்புவது என்பதெல்லாம் தாளில் இருக்கட்டும். பணம் அனுப்புவதும் பணிவிடைதான். ஆனால் பணம் அனுப்புபவர் வீட்டில் இருப்பவரின் தீர்மானங்களைப் போனில் குறை சொல்லும் உரிமையை அதனால் பெற்றுவிடுவதில்லை.

உங்கள் உடம்பையும் மனத்தையும் பற்றி நீங்கள் ஒரு சொல்லும் எழுதவில்லை. இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள்? கத்திவிட்டு, பிறகு சமையலறையில் நின்று அழுதிருப்பீர்கள். உயிரோடு எதிரில் இருப்பவரை நாள்தோறும் சிறிது சிறிதாக இழப்பதும் துக்கம்தான். யாரும் வந்து விசாரிக்காத துக்கம் என்பதால் அதைச் சுமப்பது மேலும் கடினம். கை ஓங்கும் அளவுக்குக் கோபம் வந்தால், அவர் விழுந்துவிடாத இடத்தில் உட்கார வைத்துவிட்டு பத்து நிமிடம் அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் 14416 என்ற டெலிமானஸ் எண்ணை அழையுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழிலும் பேசுவார்கள். முதியோருக்கான உதவி எண் 14567. 1992இல் கேரளத்தின் குன்னங்குளத்தில் தொடங்கிய ஏஆர்டிஎஸ்ஐ என்ற, இந்நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் உதவும் அமைப்புக்குச் சென்னையில் கிளை உண்டு. சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனம் டிமென்ஷியாவுக்கெனத் தனிச் சேவை நடத்துகிறது. கிண்டியில் 2024இல் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனையும் இருக்கிறது. உங்கள் பகுதியில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர் வந்தால், மாமியாரின் இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளையாவது வீட்டிலேயே பெற்றுக்கொள்ளலாம். மருத்துவமனை வரிசையில் அவரை நிற்க வைக்கும் வேதனை குறையும்.

சொத்து, வங்கி விஷயங்களை இனிமேலும் தள்ளிப்போடக் கூடாது. கையெழுத்திடும் தாளின் பொருள் அவருக்குப் புரிகிற அளவுக்குத் தெளிவு இருக்கிறதா என்று மனநல மருத்துவரிடம் சான்று கேளுங்கள். தெளிவு இருந்தால் கணக்குகளில் வாரிசு நியமனத்தையும் கூட்டுப் பெயரையும் இப்போதே முடிக்கலாம். மனத்தெளிவு போனபின் எழுதும் உயில் செல்லாது. முன்பே எழுதிய பவர் பத்திரமும் கொடுத்தவர் மனத்திறனை இழந்ததும் செயலிழந்துவிடும். அதன்பிறகு பாதுகாவலரை நியமிக்க உயர் நீதிமன்றத்தை நாட வேண்டியிருக்கும். எப்படியானாலும், புரியாத நிலையில் கைநாட்டு வாங்குவதற்கு யாரையும் அனுமதிக்காதீர்கள். அது அவருக்குச் செய்யும் துரோகம், சட்டப்படி உங்களுக்கும் ஆபத்து.

நோய் உறுதியானபின் நான்கிலிருந்து எட்டு ஆண்டுகள் வாழ்பவர்களே அதிகம். அதைத் தாண்டி நெடுநாள் இருப்பவர்களும் உண்டு. கடைசிக் கட்டத்தில் விழுங்கும் திறன் குறையும். உணவு புரையேறி நுரையீரல் தொற்றாவது வழக்கமான ஆபத்து. நிமிர்த்தி உட்கார வைத்து, குழைத்த சாதமோ கெட்டியான கஞ்சியோ சிறு கரண்டியால், முந்தைய வாய் இறங்கியபின் அடுத்த வாய் என்று ஊட்ட வேண்டும். முற்றிய டிமென்ஷியாவில் குழாய் வழி உணவு ஆயுளை நீட்டுவதாகவோ நுரையீரல் தொற்றைத் தடுப்பதாகவோ ஆய்வுகள் காட்டவில்லை. கையால் ஊட்டுவதையே முதியோர் மருத்துவ நிபுணர்கள் பரிந்துரைக்கிறார்கள். இதைப் பற்றி அண்ணன் தம்பி இருவரும் இப்போதே, பதற்றம் இல்லாத நாளில் பேசி முடிவெடுக்கட்டும். நள்ளிரவில் அவசரப் பிரிவின் வாசலில் நின்று எடுக்கும் முடிவு குடும்பத்தையே பிரித்துவிடும்.

இல்லத்தில் சேர்ப்பது பாவமா என்ற கேள்விக்கு என் பதில், இல்லை. இரவில் ஆள் தேவைப்பட்டு வீட்டில் ஆள் இல்லை, அவரைத் தூக்க உங்கள் முதுகு இடம் கொடுக்கவில்லை, உங்கள் உடல்நலமே உடைந்துவிட்டது என்றால், பயிற்சி பெற்றவர்களிடம் ஒப்படைப்பது அவருக்கும் நல்லதே. பேசத் தெரியாத நோயாளியைத் தூக்கமில்லாத ஒருவர் தனியாகக் கவனிக்கும் வீட்டில்தான் விபத்துகளும் அடியும் நேர்கின்றன. ஆனால் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் கூடாது. சொல்லாமல் சாயங்காலம் ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள். பகலில் எல்லா இல்லமும் நன்றாகவே இருக்கும். இரவில் எத்தனை பேருக்கு ஒரு பணியாளர், யாரையாவது கட்டிலோடு கட்டி வைத்திருக்கிறார்களா, தூக்க மாத்திரை எல்லோருக்கும் பொதுவாகக் கொடுக்கிறார்களா, குளிக்க மறுத்தால் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு அவர்கள் தரும் பதிலிலேயே இந்த நோயை அவர்கள் அறிவார்களா என்பது தெரிந்துவிடும். சேர்க்கும்போது அவருடைய தலையணை, போர்வை, மாமனாரின் புகைப்படம், கவரிங் வளையல்கள் ஆகியவற்றோடு, அவருக்கு என்ன பிடிக்கும், எதற்குப் பயப்படுவார், எப்படி அழைத்தால் திரும்பிப் பார்ப்பார் என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள். அந்த இரண்டு பக்கத்தை உங்களைவிட நன்றாக எழுதக் கூடியவர் வேறு யாரும் இல்லை. கட்டணத்தில் யார் பங்கு எவ்வளவு என்பதையும், வாரத்தில் எந்த நாள் யார் போய்ப் பார்ப்பது என்பதையும் சேர்ப்பதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.